மாலைக்கண்: மாத்தளைத் தோட்டங்களில் பார்வையும் சோற்றுத்தட்டும்

மலையகக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றிய பேச்சு பெரும்பாலும் உயரம், நிறை என்ற இரண்டோடு முடிந்துவிடுகிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடளாவிய ரீதியில் சுமார் 17 சதவீதம். தோட்டத்துறையில் சுமார் 32 சதவீதம். எல்கடுவ, ரத்தோட்டை, கம்மடுவ என மாத்தளை மாவட்டத்தின் தோட்டங்களும் இந்தக் கணக்கிற்குள் வருபவைதான். ஆனால் தராசிலும் அளவுகோலிலும் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. அது கண்ணுக்குள் நடப்பது.

விழித்திரையில் கோல் செல்கள், கூம்பு செல்கள் என இருவகை உண்டு. பகல் வெளிச்சமும் நிறமும் கூம்பு செல்களின் வேலை. மங்கலான ஒளியில் பார்க்க உதவுவது கோல் செல்கள். ஒரு கண்ணில் சுமார் 12 கோடி. இவற்றுக்குள் இருக்கும் ஒளியுணர் புரதத்தின் பெயர் ரொடொப்சின். இது இரண்டு பாகங்களால் ஆனது: ஒப்சின் என்ற புரதம், அதன் நடுவே பொருந்தியிருக்கும் ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறு. ஒளி பட்டதும் வளைந்திருந்த ரெட்டினல் நிமிர்கிறது. அந்த அசைவில் புரதத்தின் வடிவம் மாறுகிறது. அதைத் தொடர்ந்து செல்லுக்குள் எழும் இரசாயன மாற்றங்கள் மின்சமிக்ஞையாகி மூளையை அடைகின்றன. ஒரேயொரு ஒளித்துகளைக்கூட ஒரு கோல் செல்லால் உணர முடியும்.

இந்த நுட்பமான ஏற்பாட்டின் பலவீனமும் இங்கேதான். ஒப்சினை உடல் தானே தயாரித்துக்கொள்ளும். ரெட்டினலுக்கு மூலமான விட்டமின் ஏ உணவிலிருந்துதான் வரவேண்டும். விழித்திரையில் விட்டமின் ஏ இருப்பதை 1933 இல் கண்டறிந்தவர் ஜோர்ஜ் வோல்ட். பார்வையின் இரசாயனம் பற்றிய ஆய்வுகளுக்காக 1967 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விட்டமின் ஏ குறையும்போது முதலில் தடுமாறுபவை கோல் செல்கள். பொழுது சாய்ந்ததும் பாதை தெரியாமல் போவதை மாலைக்கண் என்கிறோம். குறைபாடு முற்றினால் கருவிழி வறண்டு, நிரந்தரக் குருடாகவும் முடியலாம்.

கீரையும் பப்பாசியும் இருக்கும் மண்ணில் இந்தக் குறை ஏன் என்று கேட்கலாம். தாவர உணவில் கிடைப்பது கரோட்டின். அதில் சுமார் 12 பங்கு சேர்ந்தால்தான் ஒரு பங்கு விட்டமின் ஏ-க்கு ஈடாகும். உறிஞ்சப்படக் கொழுப்பும் தேவை. இரத்தத்தில் எடுத்துச் செல்லப் புரதமும் தேவை. ரொட்டியும் சம்பலும் தேநீருமாக வயிறு நிறைந்தாலும், முட்டையும் பாலும் மீனும் இல்லாத தட்டில் கண்ணுக்கான பங்கு குறைவே.

அந்தத் தட்டைத் தீர்மானிப்பது சம்பளம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவானது. 1,350 ரூபாவாக உயர்ந்தது 2024 இல். இடைப்பட்ட காலத்தில், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. உணவின் விலை ஓராண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானபோது சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. விட்டமின்கள் சேர்க்கப்பட்ட திரிபோஷவும் அதே நெருக்கடியில் குழந்தைகளுக்குத் தடைப்பட்டது; மூலப்பொருளான சோளத்தில் அஃபிளடொக்சின் நச்சு இருந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

சிறுவர்களுக்கு விட்டமின் ஏ பெருமளவு மருந்தாக வழங்கும் அரச திட்டம் அவசியமானது. அது தொடரவேண்டும். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை கொடுக்கும் மருந்து அன்றாடச் சாப்பாட்டுக்கு மாற்று அல்ல. லயன் அறையைச் சுற்றிய நிலம் தொழிலாளியின் பெயரில் இல்லாதவரை, நாலு முருங்கை நடவும் இரண்டு கோழி வளர்க்கவும் நிர்வாகத்தின் தயவு வேண்டியிருக்கிறது. காணி உரிமை என்பது வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, போஷாக்குப் பிரச்சினையும்தான்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவையொட்டி, 2023 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் மாத்தளையில்தான் நிறைவடைந்தது. காணியும் நியாயமான சம்பளமும் அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் முக்கியமானவை. அவற்றை நிறைவேற்றக் காலம் எடுக்கலாம். அதுவரை தோட்டக் கிளினிக்கில் நிறை பார்க்கும்போதே, “பிள்ளைக்கு இருட்டினால் கண் தெரிகிறதா?” என்று தாயிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.