மலையில் 365 படி, அடிவாரத்தில் ஒரு வெண்பா

சென்ற மாதம் என் பேரன் மெக்சிகோவிலிருந்து வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினான். வேலை விஷயமாகப் போனவன், விடுமுறை நாளில் எல் தாஹின் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். வெராக்ரூஸ் மாநிலத்தில், தொதொனாக் என்ற பழங்குடி மக்கள் இன்றும் வாழும் பகுதியில், ஆயிரம் வருடங்களுக்கு முன் செழித்துப் பிறகு பாழான நகரம் அது. அங்கே அடுக்கடுக்காக ஒரு பெரிய கட்டடம். நாலு பக்கமும் சதுரச் சதுரமாக மாடங்கள். மொத்தம் 365, வருடத்தின் நாட்களைக் குறிப்பவை என்கிறார்கள்.

எங்கள் குடும்பக் குழுவில் ஒரே ஆரவாரம். "அந்தக் காலத்திலேயே என்ன அறிவு!" என்றார் என் மைத்துனர். "நம் திருத்தணி மலைக்கும் 365 படிதான்" என்று நான் எழுதினேன். அதற்கும் நாலைந்து கைகூப்பு பொம்மைகள் வந்தன. உடனே கேட்டேன்: "அந்த மலையடிவாரத்தில் ஆயிரத்து நூறு வருடத்துக் கற்கோயில் ஒன்று இருக்கிறதே, பார்த்தவர் யார்?"

பதிலே இல்லை. இத்தனைக்கும் எல்லாரும் இங்கே பலமுறை வந்து, காவடி எடுத்து, மொட்டை போட்டுக்கொண்டு போனவர்கள். முருகன் கோபம் தணிந்த ஊர் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கோபம் வந்தது.

நான் சொல்வது நந்தி ஆற்றங்கரைப் பக்கம் இருக்கும் வீரட்டீஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அபராஜித பல்லவன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கல்லால் எடுப்பித்தது. விமானத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். அங்கே கல்லில் ஒரு தமிழ் வெண்பா இருக்கிறது. அதைப் பாடியவர் அரசரே என்று கல்வெட்டே சொல்கிறது. தன் ஆட்சியில் ஒருவர் கோயில் கட்டினார் என்று மகிழ்ந்து ஓர் அரசன் தானே வெண்பா எழுதிக் கொடுத்திருக்கிறான்! பிற்பாடு ஆதித்த சோழன் அபராஜிதனை வென்றான். தொண்டை மண்டலம் சோழர் கைக்குப் போனது. பல்லவர் ஆட்சி அத்தோடு முடிந்தது. வெண்பா மட்டும் இங்கேயே இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சரித்திரப் புத்தகத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் முன்னோர்கள் கோலுவாக்கள், அதாவது பழைய பிரான்சில் வாழ்ந்தவர்கள். வேட்டி கட்டிய அப்பாக்களின் பிள்ளைகள் நாங்கள், அந்தப் பொன்னிற மீசைக்காரர்களை நம் பாட்டன்மார் என்று ஒப்பித்தோம். அபராஜிதன் பெயரையும் நான் முதலில் படித்தது பிரெஞ்சில்தான். புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் பல்லவர் கட்டடக்கலையை நான்கு பாணிகளாகப் பிரித்து, கடைசிப் பாணிக்கு அபராஜிதன் பெயரையே வைத்தார். நூறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் மதித்ததை, வாசலில் வைத்திருக்கும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த ஊருக்காக நாம் போராடவில்லையா? மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் சிறை சென்றவர்களும் பட்ட பாட்டால்தான் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. தெலுங்கு பேசும் நண்பர்கள் வருந்த வேண்டாம், நான் பழைய சண்டையைக் கிளறவில்லை. தமிழ் இங்கே எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. எல்லைக்காக அவ்வளவு உரக்கக் கத்திய நாம், அந்தச் சாட்சியை ஒருமுறை போய்ப் பார்த்தோமா?

"பூஜை நடந்தால் போதாதா சார்? பழைய எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார் என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர். வாழ்நாளெல்லாம் பதிவேடுகளோடு கிடந்த குமாஸ்தா நான், என்னிடமா இப்படிக் கேட்பது? யார் நிலம் கொடுத்தார், எவ்வளவு, விளக்கெரிக்க என்ன ஏற்பாடு, ஊர்ச்சபை எதை ஒப்புக்கொண்டது என்பதெல்லாம் அடங்கிய அசல் பத்திரம்தான் கல்வெட்டு. படியெடுத்து அச்சிட்டுவிட்டார்களே என்பீர்கள். ஆபீசில் சந்தேகம் வந்தால் நகலை மூடி வைத்துவிட்டு அசலைக் கொண்டுவரச் சொல்வோம். அசல் போய்விட்டால் எதைக் கொண்டுவருவது?

போகத்தான் செய்கிறது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் பழைய சிவன் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தால் மணலை வீசியடித்தார்கள். கல் பளிச்சென்று ஆனது. எழுத்து மழுங்கிப்போனது. தரையில் வழவழவென்று டைல்ஸ் வந்தது. டியூப் லைட் கொடுத்தவர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எரிந்தது. கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பெயர் கல்லிலிருந்து போயே போய்விட்டது. அன்று தடுக்க ஒருவரும் இல்லை, நான் உட்பட. அங்கே என்ன எழுதியிருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாதே! தெரியாத ஒன்று தொலைந்தால் யார் புகார் கொடுப்பார்?

"கூட்டம் வந்தால் பெயரைக் கிறுக்கிக் கெடுத்துவிடுவார்கள்" என்றும் நண்பர் சொன்னார். கிறுக்குகிறவன் யார்? அது என்னவென்று சின்ன வயதில் எவரும் சொல்லிக் கொடுக்காத பிள்ளை. பள்ளிச் சுற்றுலா என்றால் ராட்டினமும் செயற்கை அருவியும்தான் என்று வைத்திருக்கிறோம். எல் தாஹின் வாசலில் தொதொனாக் மக்கள் உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுற்றி இறங்கும் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். பாழடைந்த இடமானாலும் அவர்கள் அதைக் கைவிடவில்லை. நம் கோயில் பாழடையவும் இல்லை. நாம்தான் போவதில்லை.

ஆடிக் கிருத்திகைக்கோ, டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கோ வருகிறவர்களை ஒன்று கேட்கிறேன். மலையிறங்கியதும் ஆட்டோக்காரரிடம் வீரட்டீஸ்வரர் கோயில் என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். கல்லைத் தொட வேண்டாம், மாவு தடவ வேண்டாம். எழுத்து முழுவதும் நமக்குப் புரியாது. எனக்கும் புரியாது. ஆனால் 'ட'வையும் 'ப'வையும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்த பிள்ளை, பின்னாளில் யாராவது அங்கே பெயின்ட் டப்பாவோடு வந்தால் சும்மா இருக்காது.

என் பேரன் டிசம்பரில் வருகிறான். முதலில் அவனை அங்கேதான் அழைத்துப்போகப் போகிறேன். மலைக்கு அப்புறம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், அது அவன் அப்பன் வீடுதானே!