ஓவலுக்கு ஒருவர் கிடைத்தார், பூண்டுலோயாவுக்கு?

சனத் ஜயசூரியவின் பெயருக்கு முன்னால் இருந்த 'இடைக்கால' என்ற சொல் 2024இல் நீங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி ஸ்ரீலங்கா கிரிக்கெட் வெளியிட்ட அறிவிப்பு, 2026 மார்ச் 31 வரை அவரையே தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராக நியமித்தது. அவ்வாண்டு ஜூலையில் பொறுப்பேற்றபோது, அடுத்த ஆள் வரும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருக்கத்தான் அவரைப் போட்டிருக்கிறார்கள் என்று பயிற்றுநர் வட்டாரத்தில் பேச்சிருந்தது. மூன்றே மாதங்களில் கதை மாறிவிட்டது. இந்த நியமனம் பற்றி இவ்விதழின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதினார்கள். முதலில் அதைச் சொல்லிவிடலாம்: நியமனம் சரியானது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் ஒரு நியாயத்தைக் கிரிக்கெட் சபை பாதி வழியிலேயே நிறுத்திக்கொண்டது.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. 2024 ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடர் 2-0; 1997க்குப் பிறகு இந்தியாவிடம் வென்ற முதல் ஒருநாள் தொடர் அது. அதே இந்தியாவிடம் 2023 நவம்பரில் வான்கடேயில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணிதான் இது. செப்டெம்பர் 9ஆம் திகதி ஓவலில் எட்டு விக்கெட் வெற்றி. இங்கிலாந்து மண்ணில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி. பிறகு காலியில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய இரண்டு டெஸ்டிலும் வெற்றி. இரண்டாவது டெஸ்டில் 602 ஓட்டங்களுக்கு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு, எதிரணியை 88க்குச் சுருட்டினார்கள். கமிந்து மெண்டிஸ் எட்டாவது டெஸ்டிலேயே ஆயிரம் ஓட்டங்களைத் தொட்டார், அதுவும் 13 இன்னிங்ஸில். பிரட்மனுக்கும் அத்தனை இன்னிங்ஸ்தான் தேவைப்பட்டது.

இந்த வெற்றிகளுக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று துடுப்பாட்டப் பயிற்றுநர் பற்றியது, மற்றது ஆரம்பத் துடுப்பாட்ட வீரர் பற்றியது.

இங்கிலாந்துத் தொடருக்கென்று சபை இயன் பெல்லை அழைத்தது. 118 டெஸ்ட், 22 சதம், 2013 ஆஷஸ் தொடரில் மட்டும் மூன்று சதம் என்ற பெயரோடு வந்தவர் அவர். ஆனால் சபை சொன்ன காரணம் அந்தப் பெருமையல்ல: அங்கே ஆடிய அனுபவமும் அங்குள்ள சூழல் பற்றிய அறிவும் உள்ள ஒருவர் நம் வீரர்களுக்குத் தேவை. கூக்கபரா பந்தில் வளர்ந்த கைகளுக்கு இங்கிலாந்தில் பயன்படும் டியூக்ஸ் பந்து காற்றில் எவ்வளவு நேரம் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஓல்ட் டிரஃபர்டில் முதல் நாள் காலையிலேயே 6 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட் போனதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தத் தொடரின் முதல் இரண்டு டெஸ்ட்களும் தோல்வியில்தான் முடிந்தன. எனவே ஓவல் வெற்றியை ஒரு பயிற்றுநரின் கணக்கில் எழுதுவது மிகை. இருந்தாலும் இடத்தை அறிந்த ஆளைத் தேடிய கொள்கை சரியானது.

இரண்டாவது முடிவு பெத்தும் நிஸ்ஸங்க. இரண்டு ஆண்டுகளாக டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்தவர். 2024 பெப்ரவரியில் பல்லேகலையில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 210 எடுத்து, இலங்கையின் முதல் ஒருநாள் இரட்டைச் சதத்தை அடித்தவர். அன்று முறிந்தது ஜயசூரியவின் 189 என்ற பழைய சாதனை. அப்படிப்பட்டவரை 'வெள்ளைப் பந்து ஆட்டக்காரர்' என்று ஓரமாக வைத்திருந்தோம். லோர்ட்ஸில் அவரை மூன்றாம் இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்ப வீரர் மதுஷ்க தடுமாறியதால் ஓவலில் திமுத் கருணாரத்னவோடு ஆரம்பத்துக்கு அனுப்பினார்கள். முதல் இன்னிங்ஸில் 64. 219 என்ற இலக்கைத் துரத்திய இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 127.

அப்போது தேர்வுக்குழுவின் தலைவராக இருந்தவர் உபுல் தரங்க. சட்டப்படி அணியை இறுதியாக்குவது பயிற்றுநர் அல்ல. ஆனால் ஆரம்பத்தில் யாரை இறக்குவது என்பதில் பயிற்றுநரின் சொல் எடுபடவில்லை என்றால் தலைமைப் பயிற்றுநர் என்ற பதவி வெறும் பெயர்ப்பலகைதான். இந்தப் பாடம் நமக்குப் புதிதல்ல. 1995இல் டேவ் வட்மோர் பயிற்றுநராக வந்தார். 1996 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் களுவிதாரண ஆரம்பத்துக்கு உயர்த்தப்பட்டார். மார்ச்சில் உலகக் கிண்ணம் லாகூரிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஈடன் கார்டன்ஸ் அரையிறுதியில் ஆரம்ப ஜோடியான ஜயசூரிய, களுவிதாரண இருவருமே முதல் ஓவரில் போய்விட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருநாள் அவர்கள் தவறியதற்காக அந்தத் திட்டத்தை யாரும் கைவிடவில்லை.

வெளியுலகிலும் இதே கதைதான். அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்துபவர் குவாட்டர்பேக். 1979இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு வந்த பில் வோல்ஷ், கையில் போதிய பலமில்லை என்று மற்றவர்கள் கழித்துவிட்ட ஜோ மொன்டானாவை மூன்றாம் சுற்றில்தான் எடுத்தார். தன் ஆட்டமுறைக்கு எந்தக் கை பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றார்கள். 1982 ஜனவரியில் சூப்பர் போல் அவர்கள் கையில் இருந்தது.

ஆகவே கொள்கை இரண்டு வரிதான். இடத்தை அறிந்தவரைப் பயிற்றுநராக்கு. அவர் பார்த்துத் தேர்ந்த ஆளை நம்பு. கொழும்பில் இதை ஒப்புக்கொண்டாயிற்று. அது மலையேறி வருமா?

சபை ஓவலுக்குப் பொருந்தும் ஆளைத் தேடியபோது கேட்ட கேள்வியை, நுவரெலியா மாவட்டத்தின் கொத்மலைப் பக்கம் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே பூண்டுலோயாவுக்கு மேலே, ஒரு தோட்டப் பாடசாலையின் மைதானத்தில் சனிக்கிழமை காலை நின்று பார்த்தால் இது விளங்கும். கொங்கிறீட் பட்டை. அதன்மேல் ஓரம் பிய்ந்த மெட்டிங் விரிப்பு. நான்கு மூலையிலும் ஆணி அறைவதற்கு ஒரு பையன் கல்லோடு நிற்கிறான். விடியக்காலை மூடுபனி போன பிறகும் மெட்டிங்கின் ஒரு பக்கத்தில் ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் விழும் பந்து சறுக்கி வருகிறது. காய்ந்த பக்கத்தில் விழுந்தால் நெஞ்சுக்கு எழும்புகிறது. லோங் ஓனுக்குப் பின்னால் தேயிலை மலை. பந்து செடிக்குள் போனால் ஆட்டம் பத்து நிமிடம் நிற்கும். அடித்தவன்தான் இறங்கித் தேட வேண்டும். அதனால் நேரே தூக்கி அடிக்க யாரும் துணிவதில்லை. பையன்களுக்கு இது வீரம் பற்றிய பிரச்சினையல்ல, பந்தின் விலை பற்றிய பிரச்சினை.

இந்த ஆடுகளம் உருவாக்கும் துடுப்பாட்டக்காரனைப் பயிற்றுநர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எழும்பும் பந்துக்குப் பழகியவன் என்பதால் பின்கால்தான் அவன் வீடு. கட் அடிப்பான், புல் அடிப்பான், இரண்டையும் அழகாகவே அடிப்பான். முன்கால் மட்டும் கிரீஸை விட்டு அரை அடிதான் நகரும். அந்தப் பையனைக் கண்டியில் ஒரு புல் ஆடுகளத்துக்குக் கொண்டுபோனால் தாழ்ந்து வரும் முதல் பந்திலேயே எல்.பி.டபிள்யூ. ஸ்கோர் புத்தகத்தில் பூச்சியம். தேர்வாளர் குறிப்பேட்டில் 'நுட்பம் போதாது'. அவ்வளவுதான், கோப்பு மூடப்படும்.

அது நுட்பக் குறைவல்ல. ஒரு சூழலில் பிழைக்கக் கற்றுக்கொண்ட நுட்பம். டியூக்ஸ் பந்துக்கு முன்னால் தடுமாறிய தேசிய அணியின் நிலைக்கும் இந்தப் பையனின் நிலைக்கும் என்ன வித்தியாசம்? அவர்களுக்கு ஆஷஸ் ஆடிய ஒருவரை வரவழைத்தார்கள். இவனுக்கு மெட்டிங்கிலிருந்து புல்லுக்கு மாறும் ஆறு வாரப் பயிற்சி தேவை. முன்காலை எவ்வளவு நீட்டுவது, மட்டையை எவ்வளவு தாழ்த்திப் பிடிப்பது, எந்த நீளத்துக்குப் பின்னால் போகக்கூடாது என்று அவனுக்கு விளங்கும் மொழியில் சொல்ல ஓர் ஆள் தேவை. அந்த ஆள் மலையில் இருக்கிறார். அவர் கணக்குப் பாடமும் எடுத்து, உடற்கல்வியும் பார்த்து, சனிக்கிழமை பஸ் காசைத் தன் பையிலிருந்து கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

சரியான நேரத்தில் ஒரு பயிற்றுநர் சொல்லும் ஒரு வார்த்தையின் மதிப்பை மலையகத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. முத்தையா முரளிதரனின் தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த பேரனை, 14 வயதில் ஓஃப் ஸ்பின்னுக்கு மாற்றியவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட் விழுந்தது. 14 வயதில் அந்தப் பையனை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த பயிற்றுநர் ஒருவர் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கணக்கு முதல் விக்கெட்டிலிருந்தே வேறாக இருந்திருக்கும்.

இந்த ஆசிரியர் பீடத்தில் உள்ள ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு பயிற்றுநர் பாடநெறிக்குப் போனார். ஹட்டனிலிருந்து இரவு ரயில். காலையில் கையில் கொடுக்கப்பட்ட பாடக்குறிப்பில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. பக்கத்தில் இருந்த குருநாகல் ஆசிரியர் ஒருவர்தான் இரண்டு நாளும் காதோடு காதாக மொழிபெயர்த்துச் சொன்னார். கேள்வி நேரத்தில் இவர் எழுந்து, 'மெட்டிங்கில் பழகும் பிள்ளைகளுக்கு முன்கால் ஆட்டத்தை எப்படிப் பழக்குவது?' என்று கேட்டார். விரிவுரையாளர் சிரித்தபடி சொன்ன பதில்: 'மெட்டிங்கை விட்டுவிட்டு டர்ஃபுக்கு வாருங்கள்.' மண்டபம் சிரித்தது. மலையில் டர்ஃப், அதாவது புல் ஆடுகளம், எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அது இன்னும் பாடக்குறிப்பு வரை வந்துசேரவில்லை.

நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் நடப்பதோ வேறு கூத்து. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அனுமதி வேண்டும். 2023இல் அமைச்சரும் சபையும் மோதிக்கொண்டதில் சபை கலைக்கப்பட்டது. நவம்பர் 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் நாற்காலிகளைப் பற்றிப் பேசிய பக்கங்களை அடுக்கி வைத்தால் சுருட்டி நிறுத்திய ஒரு மெட்டிங்கின் உயரம் வரும். கொத்மலை வலயத்தில் எத்தனை பிள்ளைகள் கடினப்பந்தைக் கையில் தொட்டிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கங்களில் ஒரு வரி இருந்ததா?

நாடாளுமன்றத் தேர்தல் வருகிறது என்றால் நான்கு வாரம் தோட்டங்களுக்கு மட்டையும் பந்தும் வரும். மென்பந்து வரும், பிளாஸ்டிக் ஸ்டம்ப் வரும், வேட்பாளரின் படம் ஒட்டிய ஜேர்சியும் வரும். வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஒரு பயிற்றுநருக்கு மாதச் சம்பளம் யாரும் கொண்டுவருவதில்லை. மட்டை கொடுத்தால் படம் எடுக்கலாம். ஒரு பையனின் முன்காலை ஆறு அங்குலம் நகர்த்தியதைப் படம் எடுத்து என்ன செய்வது?

கொத்மலை ஓயாவின் நீர் மகாவலியோடு சேர்ந்து கம்பளை, பேராதனை கடந்து கண்டிப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் நம் பையன்கள் கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகலை மைதானத்துக்குள் போவது டிக்கெட்டோடு மட்டும்தான்.

ஜயசூரியவின் நியமனத்தை வரவேற்ற இவ்விதழ், சபையிடமும் விளையாட்டுத்துறை அமைச்சிடமும் மூன்று விடயங்களைக் கேட்கிறது. நுவரெலியா மாவட்டத்துக்குத் தமிழில் பயிற்றுவிக்கக்கூடிய, மலையில் ஆடி வளர்ந்த ஒரு துடுப்பாட்டப் பயிற்றுநரைச் சம்பளத்தோடு நியமியுங்கள். பயிற்றுநர் பாடநெறிகளைத் தமிழிலும் நடத்துங்கள். அவற்றில் மெட்டிங் ஆடுகளத்துக்கென்று ஒரு பகுதி இருக்கட்டும். வயதுப் பிரிவு அணித் தேர்வுக்கு வரும் மலையகப் பிள்ளைகளுக்கு, தேர்வுக்கு முன்னால் ஆறு வாரமாவது புல் ஆடுகளத்தில் பயிற்சி கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவரை ஒரு தொடருக்கு அழைக்கும் சபைக்கு இது பெரிய செலவல்ல.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலை ஆடுகளத்தின் நீளம், மெட்டிங்கின் வயது, ஈரம் காய எடுக்கும் நேரம், கடினப்பந்து ஆடும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு இவ்விதழுக்கு அனுப்புங்கள். வருகிற எல்லாத் தாள்களையும் தொகுத்து, விளையாட்டுத்துறை அமைச்சரின் மேசையில் நேரில் கொண்டுபோய் வைப்போம்.