உயர்திணைப் பிள்ளைகளை அஃறிணை ஆக்காதீர்!

பால் மாறுபட்ட பிள்ளைகளைப் பள்ளியில் எவ்வாறு நடத்துவது? இதனை ஆசிரியர்க்கு உணர்த்த, நடுவணரசின் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2021-இல் கையேடொன்றை வெளியிட்டது. குழந்தையுரிமைக் காப்பு ஆணையம் எதிர்த்தெழுதிற்று. நவம்பர்த் திங்களிலேயே கையேடு மறைந்தது! குறையிருப்பின் திருத்தலாமே, மறைப்பானேன்?

‘இஃது அயலார் கொள்கை, பிஞ்சுள்ளங்களைக் கெடுக்கும்’ என்கின்றனர். அயலதா? ஆண்மை திரிந்தாரையும் உயர்திணையில் வைத்தன்றோ தொல்காப்பியர் சொல்லிலக்கணம் வகுத்தார்! மாமல்லைக் கடற்கரையில், பல்லவர் செதுக்கிய தருமராசர் தேரில், ஒருபால் ஆணும் ஒருபால் பெண்ணுமாய் மாதொருபாகன் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றான். செங்கற்பட்டுப் பிள்ளைகள் சுற்றுலா சென்று அக்கல்லை வியக்கின்றனர். கல்லை வியந்த கண்கள், பக்கத்தில் அமர்ந்த உயிரை எள்ளுவதா? ‘அது’ என்றும் ‘ஒன்பது’ என்றும் இகழப்படும் பிள்ளை பள்ளியையே வெறுக்கின்றது. பிஞ்சுள்ளம் கெடுவது கையேட்டாலா, கைவிடுதலாலா?

சென்னை உயர்முறைமன்றம் 7-6-2021-இலேயே வழி காட்டியது: பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பெற்றோர்க்குத் தெளிவூட்டுக, பால்வேறுபாடற்ற கழிப்பறை அமைக்க.

தமிழ்நாட்டரசே! அவ்வழியை நற்றமிழில் எழுதிப் பள்ளிதொறும் சேர்ப்பிக்க! ஆசிரியப் பெருமக்களே! வருகைப்பதிவில் எந்தப் பிள்ளையையும் உயர்திணையாகவே அழையுங்கள்! இலக்கணம் தந்த இடத்தை வகுப்பறை பறித்தல் தமிழுக்கே இழுக்கு!