மூங்கிலரிசிக்குக் காத்திருக்கும் பறவை



தஞ்சோங் டாவாய்க் கரையில் நின்று வடகிழக்கே நோக்கினால், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கண்ணை நிறைக்கும். அந்நாளில் கடாரத்திற்கு வந்த கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக நின்ற மலை அது. நம் நாட்டு மலைச்சாரல்களில் வளரும் மூங்கிற்புதர்களை நாம் பெரும்பாலும் வெறும் புதர் என்றே எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதை ஒரு சிறு பறவையைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் 'பின்-டெயில்டு பேரட்ஃபிஞ்ச்' எனப்படும் அப்பறவையை இங்கு ஊசிவால் கிளிச்சில்லை என்று அழைக்கிறேன். வாலோடு சேர்த்து ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே இருக்கும். ஆணுக்கு நீல முகம், பச்சை முதுகு, சிவந்த நீள்வால். தாய்லாந்து, மலேசியா, சுமத்திரா, ஜாவா, போர்னியோ ஆகிய இடங்களில் வாழ்ந்தாலும் இதனைக் காண்பது அரிது.

அதற்குக் காரணம் அதன் உணவு. இதன் முதன்மை உணவு மூங்கிலரிசி. மூங்கிலோ ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, பட்டுப்போகின்றன. மிசோரத்தின் மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 1959இல் அது காய்த்தபோது எலிகள் பெருகிப் பஞ்சமே வந்தது. மூங்கில் விதைக்கும் இடத்தைத் தேடி இப்பறவை கூட்டமாய் வருகிறது. உணவு நிறைந்த அக்காலத்திலேயே புல்லாலும் இலையாலும் உருண்டைக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. விதை தீர்ந்ததும் வேறிடம் பெயர்கிறது. மூங்கிலரிசி கிட்டாதபோது நெல்வயலில் இறங்குவதும் உண்டு. அதனால் போர்னியோவின் உழவர்கள் இதனைப் பயிருக்குப் பகையென்றே கருதி வந்தனர்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. மூங்கில் பூக்காத ஆண்டில் ஒரு மலைச்சாரலை ஆய்ந்தால், இப்பறவை கண்ணில் படாது. "இங்கு ஒன்றுமில்லை" என்று முடிவு செய்து காட்டை அழித்துவிட்டால், அடுத்த முறை விதை தேடி வரும் கூட்டத்திற்கு என்ன எஞ்சும்? பூத்துக் காய்ந்த மூங்கிலைக் குப்பையென்று எரித்தாலும் இதே கேடுதான். உதிர்ந்த விதையிலிருந்து அடுத்த தலைமுறை மூங்கில் முளைப்பது அந்நிலத்தில்தானே?

எனவே, ஓரிரு காப்பிடங்களை மட்டும் ஒதுக்குவது இப்பறவைக்குப் போதாது. வெவ்வேறு காலத்தில் பூக்கும் மூங்கிற்காடுகள் பல மலைகளிலும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. கூண்டுப் பறவை வணிகமும் குறைய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் காட்டுப் பறவை இறக்குமதியைத் தற்காலிகமாகத் தடுத்து, 2007இல் அத்தடையை நிலையாக்கியது. வாங்குவோர் நாட்டில் இயன்றது, பறவைகள் வாழும் நாட்டில் இயலாதா?

வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் ஒரு நாள் வரவில்லை என்று குறிக்கிறோம். அதற்காக அவன் பெயரை அடித்துவிடுவதில்லை. அவன் நாற்காலியையும் அகற்றுவதில்லை. காட்டுக்கும் அந்த நியாயத்தை வழங்குவோம். நம் பிள்ளைகளுக்கும் அதையே கற்பிப்போம்.