பேஸைக் குறைக்காதீங்க



இந்த வார எபிசோடோடு சேர்த்துப் படிக்க ஒரு புலம்பல். ஏ.ஐ. இல்லை, சிப் இல்லை. ஒரு கிடார், ஒரு மிக்ஸர், அவ்வளவுதான். தப்பு செஞ்சது நான் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஊஸ்டரில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் இருக்கிறது. வார நாட்களில் பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுவார்கள். சில சனிக்கிழமைகளில் அதுவே தமிழ் நிகழ்ச்சி மண்டபம். எனக்கு ஒலிக்கருவிகளில் ஆர்வம் என்று எப்படியோ தெரிந்துபோய், மிக்ஸர் பக்கம் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கிடாரோடு மேடையேறினாள். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் கிடாரோடு ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டு. 1982-ல் வந்த படம். கிடார் பழகுகிற தமிழ்ப் பிள்ளை எதுவும் அதைத் தொடாமல் தாண்டுவதில்லை. நாலு மாதமாகப் பழகியிருக்கிறாள்.

முதல் ஜி கார்டு விழுந்ததும் மண்டபமே “ம்ம்ம்ம்” என்றது. நான் என்ன செஞ்சேன்? எல்லாரும் செய்வதைத்தான். பேஸ் குமிழைக் குறைத்தேன். முனகல் கொஞ்சம் அடங்கியது, கூடவே கிடாரும் தகரடப்பா ஆனது. கேட்கவில்லையே என்று ஃபேடரை ஏற்றினேன். முனகல் திரும்பி வந்தது. இன்னும் குறைத்தேன், இன்னும் ஏற்றினேன். மூன்றாவது சுற்றில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மறுபடி ஆரம்பித்து முடித்தாள்தான். ஆனால் கைதட்டலில் பரிதாபம் கலந்திருந்தது, அது அவளுக்கும் புரிந்தது.

சாமான்களைக் கட்டும்போது அவளுடைய அம்மா வந்தார். “அண்ணா, பிள்ளை இனி மேடைக்குக் கிற்றார் கொண்டு வரமாட்டனெண்டு நிக்கிறாள். கீபோர்ட் வாங்கித் தரட்டாம்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஊஸ்டர் என்றால் சூரிச் பக்கத்தில், கிரைஃபென்சே ஏரிக்கரையில் இருக்கிற ஊர் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் மில்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு ஊஸ்டர் என்பது ஒரு மெஷின். நூலின் சீர்மையை அளக்கிற கருவி. இந்த ஊரிலிருந்த ஸெல்வேகர் கம்பெனி செய்தது. என் அப்பா தரக்கட்டுப்பாட்டு லேபில் இருந்தவர். “இன்னைக்கு ஊஸ்டர் சரியில்ல” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தக் கருவி ஒரு ஸ்பெக்ட்ரோகிராம் போடும். நூலில் தடிமன் ஏறி இறங்குவது எத்தனை நீளத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்கிற படம். எங்காவது ஒரு பட்டை மட்டும் கூரைக்கு மேல் புகைபோக்கி மாதிரி எழுந்து நின்றால் அதற்குப் பெயரே சிம்னி. எட்டு சென்டிமீட்டர் பக்கத்தில் சிம்னி என்றால், ரிங் ஃப்ரேமில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் உருளையைப் போய்ப் பார்ப்பார்கள். அதன் சுற்றளவு அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தப்பு. யாரும் நூலைத் திருத்த உட்கார மாட்டார்கள். உருளையைத்தான் கழற்றுவார்கள்.

அன்றைக்கு நான் நூலைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மண்டபத்தின் ஹவுஸ்வார்ட்டிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் சாவி வாங்கினேன். அந்தப் பெண்ணின் கிடாரையும் அம்மாவிடமிருந்து இரவல் வாங்கினேன். போனில் ஒரு இலவச ஸ்பெக்ட்ரம் ஆப். அதிர்வெண் வாரியாக எங்கே எவ்வளவு சத்தம் என்று காட்டும். ஊஸ்டர் படத்தின் தம்பி மாதிரி. பார்த்தால், நான் ஒரே முனகல் என்று நினைத்தது மூன்று தனித்தனி ஆசாமிகள்.

முதல் ஆள், கம்பியைத் தொடாமலேயே 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரிசையாக நின்ற சிம்னிகள். இது கரண்ட் ஹம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் மறைந்தது. பின்னணி இசைக்காக அந்த லேப்டாப்பை மிக்ஸரில் செருகியிருந்தோம். அதன் எர்த்தும் மிக்ஸரின் எர்த்தும் ஒரு வளையமாகச் சேர்ந்திருந்தன. நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி ஒன்றைப் போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் தீர்ந்தது. இந்த இடத்தில் யாராவது ஒருத்தர் “பிளக்கில எர்த் பின்னை மட்டும் எடுத்துட்டா போதும்”பார். எடுக்காதீங்க. சுவிஸ் மூன்று முள் பிளக் ஆனாலும் சரி, நம்மூர் மூன்று முள் ஆனாலும் சரி, அந்த முள் பாட்டுக்காக இல்லை, உயிருக்காக இருக்கிறது. மைக்கில் உதடு வைத்துப் பாடுகிறவர் கையில் கம்பி வாத்தியம் பிடித்திருப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது ஆள்தான் அன்று அவளைக் கவிழ்த்தவன். நூறு ஹெர்ட்ஸை ஒட்டி ஒரே ஒரு தடித்த சிம்னி. கிடார் பெட்டி, அதன் வட்டத் துளை, உள்ளே காற்று; வாயில் ஊதினால் முனகுகிற காலி பாட்டில் மாதிரியேதான். பெரிய உடம்புள்ள கிடார்களில் அந்தக் காற்று முனகுவது சுமார் நூறில். ஜி கார்டின் அடிக் கம்பி 98. ஸ்பீக்கரிலிருந்து வரும் 98 பெட்டியை ஆட்டும், பெட்டி ஆடுவதைப் பாலத்துக்கு அடியில் இருக்கும் பீசோ பிடிக்கும், அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். சுற்றிச் சுற்றி ஊளை. இதில் கிடாரின் குற்றம் ஒன்றுமில்லை. கேபிள் நீளம் பத்தவில்லை என்று சப்வூஃபரை மேடை மேலேயே, மூலையில், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தவன் நான். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச்சத்தத்தை இன்னும் ஏற்றிக் கொடுக்கும்.

சப்வூஃபரை மேடையிலிருந்து இறக்கி, மூலையை விட்டு, முன்னால் தரையில் வைத்தேன். கிடார் சேனலை சப்வூஃபருக்கே அனுப்பாமல் நிறுத்தினேன். தனிக் கிடாருக்கு அங்கே வேலையே இல்லை. கிடார் துளைக்கு ரப்பர் மூடி ஒன்று கிடைக்கும், அதை மாட்டினேன். வெளியே மைக் வைத்து ஒலிபெருக்கும்போது அந்த மூடி தொந்தரவு, ஆனால் உள்ளே பீசோ இருந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும். அவள் கிடாரின் பக்கவாட்டில் ‘ஃபேஸ்’ என்று ஒரு சின்ன பட்டன் உண்டு. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. அதை அமுக்கினால் அலை தலைகீழாகும். ஸ்பீக்கர் பெட்டியை ஆட்டும் திசையும் மாறும். சில இடத்தில் ஊளை நிற்கும், சில இடத்தில் கூடும். இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது ஆள், நாற்பதுக்குக் கீழே. மேடை உள்ளே வெற்றுப் பலகை. அவள் தாளத்துக்குக் கால் தட்டினால் பலகை ஆடும், நாற்காலி வழியாகக் கிடார் ஆடும், பீசோ அதையும் இசை என்று நினைத்து அனுப்பும். காதில் தெளிவாகக் கேட்காது. ஸ்பீக்கர் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் போய் வரும், ஆம்ப்ளிஃபையரின் சக்தி வீணாகும். இதற்குத்தான் மிக்ஸரில் ஒவ்வொரு சேனலிலும் லோ கட் என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறான்.

பேஸ் குமிழுக்கும் லோ கட்டுக்கும் என்ன வித்தியாசம்? நிறைய பேர் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். பேஸ் குமிழ் ஒரு அலமாரித் தட்டு மாதிரி. குறைத்தால் கீழே உள்ள எல்லாம் மொத்தமாக இறங்கும், 20 ஹெர்ட்ஸும் 80 ஹெர்ட்ஸும் ஏறக்குறைய ஒரே அளவு. அதன் சரிவு 150, 200 வரை நீண்டு, கிடாரின் உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். லோ கட் என்பது சறுக்குமரம். 80-ல் ஆரம்பித்தால், ஆக்டேவுக்கு 18 டெசிபெல் வீதம், 40-ல் 18 டெசிபெல் குறையும், 20-ல் 36. கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஆக, அங்கே வெட்டினால் சத்தக் குப்பைதான் போகிறது, இசை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

என் நண்பர்களில் இரண்டு பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “லோ கட் போட்டா கனம் போயிரும்டா” என்பது அவர்கள் கட்சி. கிடார் மட்டும் தனியாக என்றால் 80-க்கு மேல் நானும் போக மாட்டேன். கூடவே கீபோர்டின் இடது கையும் மிருதங்கத்தின் தொப்பியும் இருந்தால் 100, 120 வரை தயங்காமல் ஏற்றுவேன். அந்த அடித்தளம் அவர்களுக்குச் சொந்தம். கிடார் அங்கே போய் இடித்துக்கொள்ளத் தேவையில்லை. வீணை என்றால் கதையே வேறு. மூன்று கட்டை சுருதியில் அனுமந்தர பஞ்சமக் கம்பி சுமார் 62 ஹெர்ட்ஸில் இருக்கிறது. கிடாருக்குப் பழகிய கையால் 80-ல் வெட்டினால் நாலாவது கம்பிக்குத் துரோகம் செய்கிறோம். வீணைக்கு 50-க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வீணையில் ஒட்டுகிற கான்டாக்ட் மைக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. பேட்டரி, முன்பெருக்கி எதுவும் இல்லாத பீசோவை நேராக மிக்ஸரின் லைன் சாக்கெட்டில் செருகினால் கீறல் சத்தம் மட்டும் வரும். பீசோவுக்கு ஒரு மெகா ஓம், முடிந்தால் பத்து மெகா ஓம் உள்ள வாசல் வேண்டும். லைன் சாக்கெட் பொதுவாகச் சில பத்தாயிரம் ஓம்தான். அடிச்சுரம் வாசலிலேயே வடிந்துவிடும். உடனே பேஸை முழுக்க ஏற்றுவோம். ஏறுவது வீணை இல்லை, ஹம்தான். சுவிட்சர்லாந்திலேயே தெற்கே மென்ட்ரிஸியோவில் ஷெர்ட்லர் என்று ஒரு கம்பெனி, பீசோ இல்லாமல் காந்தமும் சுருளும் வைத்து, பசை போல ஒன்றால் வாத்தியத்தில் ஒட்டுகிற மைக் செய்கிறது. நல்ல சரக்கு, விலையும் அப்படியே. இரண்டாயிரம் ஃபிராங்க் கிடாரோ ஊளை அடக்கும் பெடலோ வாங்கச் சொல்லி எனக்கு வந்த யோசனைகளைவிட இது மேல். ஆனால் லோ கட்டை அமுக்காதவன் எதை வாங்கி என்ன?

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2019 ஜூன் முதல் இங்கே நடப்பில் இருக்கும் விதிப்படி, ஒலிபெருக்கி வைத்த நிகழ்ச்சியில் ஒரு மணி நேரச் சராசரி 93 டெசிபெல்(ஏ)-வைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். நல்ல விதி, நம்ம ஆட்கள் போடுகிற சத்தத்துக்கு அவசியமான விதி. அதனால் மேசையில் மீட்டர் வைத்திருந்தோம். கிடார் ஊளையிட்ட நேரம் பூராவும் மீட்டர் சாதுவாக இருந்தது. காரணம் அந்த (ஏ). நம் காது தாழ்ந்த சுரங்களை மெதுவாகக் கேட்பதை அது பாவனை செய்கிறது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல், 50-ல் 30 டெசிபெல் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அது செவியைக் காக்கிற கணக்கு. நானோ, எண் கீழே இருக்கிறதே, எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன். எதிரே ஒரு பிள்ளை முகம் சிவந்து உட்கார்ந்திருந்தது எந்த மீட்டரிலும் வரவில்லை.

அந்த ஒரு மணி நேர முடிவில் ஜி கார்டை நானே பலமுறை அடித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கார்டுதான். போன தடவை ஊளையிட்ட இடத்தைத் தாண்டி ஃபேடர் ஏறியது, மண்டபம் சும்மா இருந்தது. பேஸ் குமிழ் நடுவில், தொடாமல்.

கிடாரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கதவைத் திறந்தது அவள்தான். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். பதில் வரவில்லை. துளையில் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தாள். “இதை வச்சிருக்கவா மாமா?” என்று கேட்டாள். அடுத்த நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளா என்று அவள் அம்மாவிடம் நான் இன்னும் விசாரிக்கவில்லை. சப்வூஃபருக்கு நீளமான கேபிள் மட்டும் வாங்கி வைத்துவிட்டேன்.