கல்லுக்குள் வந்த விருந்தாளி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நடுவழியில் கார் சூடு தணிவதற்காக நின்றபோது, என் பையன் சாலையோரத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"இது என்ன கல், அப்பா?"

'கருங்கல்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். விதி யாரை விட்டது? விளக்க ஆரம்பித்தேன்.

சேர்வராயன் மலையின் பெரும் பகுதி இந்தக் கல்தான். சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் இருப்பதும் இதே ஜாதிக் கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893-ல் அவர் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டார்.

இந்தக் கல்லில் ஹைபர்ஸ்தீன் என்ற ஸ்படிகம் உண்டு. மக்னீசியம், சிலிகான், பிராணவாயு ஆகிய அணுக்கள் அணிவகுத்துக் கட்டிய வீடு அது. மக்னீசியம் இருக்க வேண்டிய அறைகள் சிலவற்றில் இரும்பு வந்து குடியேறிவிடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், மின்னேற்றமும் ஒன்றே. ஆகவே வீடு இடிவதில்லை. ஆனால் அதன் லட்சணம் மாறிவிடுகிறது! இரும்பு ஏற ஏற எடை கூடுகிறது, ஒளி அதிகமாக வளைகிறது, நிறம் கறுக்கிறது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்து, அதற்கென்று உள்ள மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருப்பினால், அதே ஸ்படிகம் ஒரு சமயம் இளஞ்சிவப்பாகவும் ஒரு சமயம் பச்சையாகவும் தெரியும்.

"கல்லுக்குச் சிவப்பு அப்படித்தான் வருகிறதா?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் கவலை அவளுக்கு. அவளுடைய அம்மா கொடுத்த கெம்புத் தோட்டை ஒரு கடைக்காரர், "இது செயற்கைக் கெம்பு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எட்டு வருஷமாகத் தோடு பெட்டிக்குள் இருக்கிறது.

கெம்பின் கதையும் இதுதான். அதன் வீட்டுக்குக் குருந்தம் என்று பெயர். அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்து கட்டியது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குருந்தக்கல் பூமியிலேயே கிடைக்கிறது. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. நூறு அலுமினிய அணுக்களில் ஒன்றின் இடத்தில், அல்லது அதற்கும் குறைவாக, குரோமியம் வந்து உட்கார்ந்தால் சிவந்துவிடும்! குரோமியம் சற்றுப் பெரிய ஆள். நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்த நெருக்கத்தில் அது ஊதாவையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடுகிறது. அதே குரோமியம் மரகதத்துக்குள் போனால் அங்கே பிடி கொஞ்சம் தளர்வு, கல் பச்சையாகிறது.

1902-ல் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர், அலுமினிய ஆக்சைடுப் பொடியையும் குரோமிய ஆக்சைடையும் தீச்சுடரில் உருக்கிக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். கைக்கடிகாரத்தின் '17 ஜுவல்' இப்படிச் செய்தவைதான். 1960-ல் அமெரிக்காவில் மெய்மன் உலகின் முதல் லேசர் ஒளியை எழுப்பியதும் செயற்கைக் கெம்பிலிருந்துதான்.

"அப்போது என் தோடு பொய் இல்லையா?"

"விலை குறைவுதான். சுரங்கத்துக் கெம்பு அரிது. அதனால் கடைக்காரர் சொன்னது நியாயம். ஆனால் கண்ணாடித் துண்டைப் போல இது போலி அல்ல. அதே வீடு, அதே விருந்தாளி."

ஊர் திரும்பிய மறுநாள் காலை, காப்பி கொண்டுவந்தவளின் காதில் தோடு மின்னிற்று.

"அப்பா, அம்மா தோட்டிலேயும் விருந்தாளி இருக்காரா?" என்றான் பையன்.

"இருக்கிறார்டா. எட்டு வருஷமாக அவரைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தோம்!"