காற்றின் கணக்கை உழவர்க்குச் சொல்க!

வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டுக் காற்றைப் பகுத்தறிந்தவன் தமிழன். அக் கோடைக்காற்றே விடை (வைகாசி) முதல் கன்னி (புரட்டாசி) வரை மேற்குமலைத் தொடரின் இடைவெளிகளில் நெருக்குண்டு விரைவு மிகுந்து வெளிப்படுகின்றது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களே அதன் வாயில்கள். அவ் வாயில்களை அடுத்து இன்று ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் நிறுவப்பட்டவற்றின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது.

ஆயினும், இந் நிலத்தின் காற்று வளம் எவ்வளவு என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் நடுவணரசின் காற்றாற்றல் நிறுவனம், அதனை 100 மீட்டர் உயரத்தில் 33,800 மெகாவாட் என்றும், 120 மீட்டரில் 68,750 என்றும், 150 மீட்டரில் ஏறத்தாழ 95,000 என்றும் கணித்துள்ளது. நிலத்தை ஒட்டி வீசும் காற்றை மரமும் மேடும் கட்டடமும் தடுக்கின்றன. மேலே செல்லச் செல்லத் தடை குறைந்து விரைவு கூடுகின்றது. ஆற்றலோ விரைவின் முப்படியைப் பொறுத்தது. நொடிக்கு 5 மீட்டர் வீசும் காற்று 6 மீட்டராக மிகுமானால், அது தரும் ஆற்றல் 1.7 மடங்காகும். எனவே ஓரிடத்தின் காற்றைச் சரியாக அளந்தறிதல் பொருள் மிக்க அறிவாகும்.

அவ் வறிவு யாரிடம் உள்ளது என்பதை உன்னிப் பார்த்தல் வேண்டும். உயர்ந்த கம்பம் நட்டு, திங்கள்தோறும் காற்றை அளந்த நிறுவனத்தார்க்கு ஒரு நிலத்தின் மேல் வீசும் காற்றின் மதிப்புத் தெரியும். அந் நிலத்தை வழிவழியாக உழுதவனுக்கோ, அது நீரற்ற மேட்டுநிலம் என்பது மட்டுமே தெரியும். ஆதலின் அவன் மண்ணுக்கு விலை பெற்றான், காற்றுக்குப் பெற்றானில்லை.

பணம் போட்டவர் இழப்பையும் ஏற்கின்றாரே என்பர். மெய்தான், அவர்க்கு ஊதியம் வேண்டும். ஆனால், ஒருவர் கணக்கறிந்தும் மற்றவர் அறியாமலும் செய்துகொள்ளும் விற்பனை முறையான விற்பனை ஆகாது.

1986-இல் தூத்துக்குடியில் நிறுவப்பட்ட சுழலிகள் 55 கிலோவாட் அளவின. இன்றைய பெருஞ்சுழலி ஒன்றன் திறன் 3,000 கிலோவாட்டை எட்டுகின்றது. காற்று மிக்க இடங்களில் பழைய சிறு சுழலிகளே நிற்பதால், அவற்றை மாற்றிப் புதுப்பிப்பதற்கென 2024-இல் தமிழ்நாட்டரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. பெருஞ்சுழலிகள் வரும்போது நிலங்கள் மீண்டும் கைமாறும்.

அதற்கு முன்னரே, ஊர்தோறும் திங்கள்தோறும் வீசும் காற்றின் அளவு எளிய தமிழில் ஊராட்சி மன்ற வாயிலில் எழுதி வைக்கப்படல் வேண்டும். நிலத்தை விற்றுவிடாமல் குத்தகைக்கு விடவும், விளையும் மின்னாற்றலின் வருவாயில் பங்கு பெறவும் உழவர்க்கு வழி செய்தல் வேண்டும். களத்துமேட்டில் காற்றின் போக்கறிந்து நெல் தூற்றியவன் அவன். அவன் நிலத்துக் காற்றின் கணக்கை அவனுக்கே மறைத்தல் அறமன்று!